வெளிச்சம் போதவில்லை

"படம் தெளிவாக இல்லை.
ஜன்னலருகே நின்று மறுபடி எடுக்கவும்."
மூன்றாம் முறையாகச் சொல்கிறது செயலி.
எங்கள் அறையின் ஒரே ஜன்னலில்
எட்டுப் பேரின் சுடிதார் காய்கிறது.

சூளகிரி விடுதி, மொட்டைமாடி, தண்ணீர்த்தொட்டி ஓரம்.
நேராக ஒன்று, இடக்கன்னம் ஒன்று, வலக்கன்னம் ஒன்று.
படத்தில் இருந்தவள் மாசு மருவற்றவள்.
தரகரிடம் கொடுக்கலாம்,
டாக்டரிடம் எப்படிக் கொடுப்பது?
பென்னாகரத்து இந்துமதி போனைப் பிடுங்கிப் பார்த்து
"அழகாக்குறது ஆன்ல இருக்குடி" என்றாள்.
அணைத்தாள்.
சீழ் கோத்த தாடை திரும்பி வந்தது.
என் பருக்களை இவ்வளவு சந்தோஷமாக
நான் பார்த்ததே இல்லை.

பெயர் சௌடேஸ்வரி. வயது இருபத்திரண்டு.
வேலை: செல்போனின் முதுகுத் தகட்டில்
கீறல் உண்டா என்று பார்ப்பது.
தகட்டுக்கு ஒன்பது நொடி.
வெள்ளை விளக்கின் கீழ் சாய்த்து, திருப்பி,
மயிரிழைக் கோடு தெரிந்தாலும்
சிவப்புத் தட்டு.
இதையெல்லாம் எழுத படிவத்தில் இடமில்லை.
'தனியார்' என்று போட்டேன்.

சென்னையிலிருந்து பேசினார். நல்லவர்.
"ராத்திரி பட்டாணி அளவு களிம்பு.
காலைல வெயிலுக்கு முன்னாடி சன்ஸ்கிரீன்."
எனக்கு அந்த மாதம் நைட் ஷிஃப்ட்.
எது ராத்திரி என்று நான் கேட்கவில்லை.
"பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?"
இயர்போனில் ஒரு காது செத்துப்போய்
ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
பக்கத்துக் கட்டிலில் மூன்று பேர் பூரி தின்றார்கள்.
வாசலில் வார்டன் அக்கா, பதிவேட்டோடு.
"வருது மேடம்."
முந்தின நாள்தான் ஐம்பது ரூபாய் கொடுத்து
தாடை முடியை நூலில் எடுத்திருந்தேன்,
படத்துக்காக.
ஏழு நிமிடம், இருநூற்றைம்பது ரூபாய்,
சம்பளத்தில் பிடித்தமில்லை.
குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மூன்று மாதத்தில் இரண்டு ட்யூப் தீர்ந்தது.
நெற்றி அடங்கியது.
தாடை கேட்கவில்லை.

கிருஷ்ணகிரி போக ஒருநாள் லீவு.
முழு வருகைக்கான ஊக்கத்தொகை அதோடு போச்சு.
லண்டன்பேட்டையில் ஒரு சந்து, குறுகிய படி,
டோக்கன் நாற்பத்தொன்று.
பெஞ்சில் எல்லாரும்
பார்க்காத மாதிரி எல்லாரையும் பார்த்தோம்.
கைக்குட்டையால் முகம் கட்டிய பையனைக் காட்டி
அவன் அம்மா வரிசைக்கே சொன்னாள்:
"மாம்பழம் சூடுன்னா கேக்கறானா?"
மாம்பழக் காலம் முடிந்து ஆறு மாதம் ஆகிறது.
அவன் கைக்குட்டை அசையவில்லை.

டாக்டர் நஸ்ரின் கைகழுவி வந்து
இரண்டு விரலால் என் முகவாயைப் பிடித்து
ஜன்னல் பக்கம் சாய்த்தார், திருப்பினார்.
எண்ணத் தொடங்கிவிட்டேன்.
ஒன்பது தாண்டியது. இருபது தாண்டியது.
தாடைக்கடியில் கட்டைவிரல் நின்றது.
"நூல் போட்டீங்களா?"
எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.
"கடைசியா எப்ப வந்துச்சு?"
"ஆடிப்பெருக்கன்னைக்கு. ஒகேனக்கல் போயிருந்தப்ப."
அன்று பொங்கல் கழிந்து பத்தாம் நாள்.

ரத்தம், ஸ்கேன் என்று எழுதினார்.
களிம்பு மட்டும் அதே களிம்பு.
சென்னைக்காரம்மா மேல் தப்பில்லை.
அவருக்கு நான் மூன்று படமும் ஒரு பொய்யும் அனுப்பியிருந்தேன்.
"ரிசல்ட் வந்ததும் போன்லயே பேசலாம்,
கூலிய விட்டுட்டு வராதீங்க.
ஆனா தனியா இருந்து பேசுங்க."

தனியா.
விடுதி முழுக்கத் தேடினேன்.
குளியலறைக்கு வெளியே எப்போதும் ஒரு வாளி காத்திருக்கிறது.

இப்போது பின்பக்கப் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறேன்.
வெளிச்சத்துக்குக் குறைவில்லை, கண் கூசுகிறது.
கீழே நெடுஞ்சாலையில் பெங்களூர் லாரிகள் இரைகின்றன.
"கேக்கல, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க"
என்கிறார் டாக்டர்.

சத்தமாகச் சொல்கிறேன்.